விருத்தாசலத்தில் 36 பைட்

கேசட் காலம் ஞாபகம் இருக்கிறதா? நாலாவது பாட்டு வேண்டுமென்றால் முதல் மூன்றையும் ஓட்டித் தள்ளியாக வேண்டும். ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்களின் காந்த நாடாவும் அப்படித்தான். 1956-ல் ஐபிஎம்மின் 'ராமாக்' 50 தட்டுகளுடன் வந்தது. 50 லட்சம் எழுத்துகளில் எதையும் நேராகப் போய்த் தொடலாம் என்றாச்சு.

அந்தத் தாவலை புரோகிராம்காரர்கள் கையில் எளிதாகக் கொடுத்தது யூனிக்ஸ். அதன் 1971 கையேட்டிலேயே 'சீக்' இருக்கிறது. திறந்த ஃபைலில் 'இத்தனையாவது பைட்டுக்குப் போ' என்பதுதான் கட்டளை. அது எதையும் படிக்காது. விரலை மட்டும் நகர்த்தி வைக்கும். அப்போதைய எண்ணின் அகலம் 16 பிட், 65,535-ஐத் தாண்டாது. ஃபைல்கள் பெருத்ததும் 'லாங்' என்கிற நீள எண் வந்து, பெயர் 'எல்சீக்' ஆனது. பெர்ல், பைதான் எல்லாம் சீக் என்பது இதன் வாரிசைத்தான்.

இப்போது விருத்தாசலத்துக்கு வருவோம். பீங்கான் பொம்மைக்கும் அகல்விளக்குக்கும் பேர்போன ஊர். அந்தப் பெயரை மட்டும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு ஃபைலில் எழுதுங்கள். நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடுக்கு, கொம்பு, கால், புள்ளியெல்லாம் தனித்தனி. ஆக 12 குறி. குறிக்கு 3 பைட், மொத்தம் 36.

சீக் 24 என்றால் 'சலம்' வரும். சரி. 25 என்றால்? 'ச'வின் நடுவயிற்றில் விழுவீர்கள். நல்லவேளை, 1992 செப்டம்பரில் நியூஜெர்ஸி ஓட்டல் ஒன்றில் சாப்பாட்டு மேஜைத் தாளில் இந்த முறையை வரைந்தவர் கென் தாம்ஸன். ஆமாம், யூனிக்ஸைப் படைத்த அதே ஆள். கூட இருந்தவர் ராப் பைக். எங்கே விழுந்தாலும் ஓரிரு பைட் பின்னால் நகர்ந்தால் குறியின் தலை தெரிந்துவிடும்.

ஆனால் 9-க்குப் போனால் 'ரு'விலிருந்து கழன்ற உகரக் குறி மட்டும் தொங்கும். கம்ப்யூட்டருக்கு அது தப்பில்லை. நமக்குத்தான் தப்பு.

இதெல்லாம் வெறும் விளையாட்டு இல்லை. பெயருக்கு 20 பைட் போதும் என்று ஒருவர் படிவம் செய்தால், ஆங்கிலத்தில் இந்த ஊர் 13 பைட்டில் அடங்கிவிடும். சோதித்தவருக்குச் சந்தேகமே வராது. தமிழில் 'விருத்' வரை வந்து, பிறகு ஒரு கேள்விக்குறிதான் நிற்கும். ஊருக்குப் பதில் உங்கள் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிவம் செய்கிறவரா நீங்கள்? சோதிக்கும்போது ஒருதடவை விருத்தாசலம் என்று அடித்துப் பாருங்களேன்.