பெருக்கலில் மறைந்த நிலம்: பம்பாய் மழைநீர் வடிகால் திட்டமும் சுற்றுச்சூழல் பரிசீலனையும்

1993ஆம் ஆண்டில் பம்பாய் மாநகராட்சியிடம் அளிக்கப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் கிடப்பில் கிடந்து, 2005 ஜூலை 26ஆம் தேதிப் பெருவெள்ளத்துக்குப் பிறகே தூசி தட்டி எடுக்கப்பட்ட ‘பிரிம்ஸ்டோவாட்’ என்னும் மழைநீர் வடிகால் அறிக்கையைப் பற்றி எழுதியோர் அனைவரும் ஒரு செய்தியைத் தவறாது கூறிச் செல்வர்: மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைக் கடத்துமாறு கட்டப்பட்ட நகரத்து வடிகால்களை 50 மில்லிமீட்டருக்கு ஈடுகொடுக்கும்படி இரட்டிப்பாக்க வேண்டும் என்பதே அவ்வறிக்கையின் சாரம் என்பது. இச்சுருக்கத்தின் மேல் இன்னொரு அபிப்பிராயமும் எழுப்பப்பட்டிருக்கிறது. மழை மிகுந்துவிட்டது, அதற்கேற்ப வடிகாலைப் பெரிதாக்க முற்பட்டார்கள், அந்த நல்ல காரியத்துக்குக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் அலையாத்திக் காடுகள் பற்றிய நீதிமன்ற உத்தரவுகளும் முட்டுக்கட்டையாயின, ஆகவே சுற்றுச்சூழல் பரிசீலனை என்பது இத்திட்டத்தின் வரலாற்றில் தாமதத்தின் மறுபெயர் என்பது அந்த அபிப்பிராயம். முதற்கூற்று கணிதத்திலேயே பிழையானது என்றும், அப்பிழை திருந்தினால் இரண்டாவதற்கு நிற்க இடமில்லை என்றும் காட்டுவதே இக்கட்டுரையின் உத்தேசம்.

பழைய வடிகால்களின் சக்தியைக் குறிக்கும்போது 25 என்ற எண் ஒருபோதும் தனித்து நின்றதில்லை. தாழ் ஓதத்தில் என்னும் நிபந்தனையும், பெய்யும் மழையில் பாதியே வழிந்தோடி வடிகாலைச் சேரும் என்னும் அனுமானமும் அதனோடு சேர்ந்தே வந்தன. அதாவது வழிந்தோடும் விகிதம் 0.5. அறிக்கை பரிந்துரைத்த புதிய அளவுகோலிலோ மழை 50, விகிதம் 1.0. வடிகாலின் பரிமாணத்தை நிர்ணயிப்பது மழையின் வேகம், வழிந்தோடும் விகிதம், நிலப்பரப்பு ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் என்பது பொறியியல் மாணவர் எவரும் அறிந்த சூத்திரம். நூறு ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பேட்டையை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், பழைய அளவுகோலின்படி வினாடிக்கு ஏறத்தாழ மூன்றரைக் கனமீட்டர் நீரும், புதிய அளவுகோலின்படி ஏறத்தாழ பதினான்கு கனமீட்டர் நீரும் வடிகாலின் வாயை வந்தடையும். இரட்டிப்பு என்று முப்பது ஆண்டுகளாக எழுதப்பட்டுவருவது உண்மையில் நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கில் ஓர் இரண்டு மடங்கு மழையின் பொருட்டு. மற்றோர் இரண்டு மடங்கு முழுக்க முழுக்க நிலத்தின் பொருட்டு.

இதைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். தனித்தனி நீர்ப்பிடிப்புகளின் விரிவான வடிவமைப்பில் இவ்விகிதம் அங்கங்கே வேறுபட்டிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. இங்கே பேசப்படுவது திட்டத்தின் பொது அளவுகோல். 0.5 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு நகரத்தின் சித்திரம் இருந்தது. பிளேக் நோய்க்குப் பின் 1898இல் தோன்றிய நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர்-மாட்டுங்கா-சயான் பகுதியின் தாழ்ந்த நிலங்களை மேடாக்கி மனைகளாக வகுத்தபோது, வீட்டைச் சுற்றித் தோட்டமும், தெருவோரத்தில் மரமும், பேட்டைக்கு நடுவே மைதானமும் இருக்கும் என்று எதிர்பார்த்தே வகுத்தது. மாட்டுங்காவின் வட்டப் பூங்காக்களும் நிழல் கவிந்த வீதிகளும் அந்த எதிர்பார்ப்பின் எச்சங்கள். அதற்கு வடக்கே தாராவி, 1909ஆம் ஆண்டின் பம்பாய் கெஜட்டியர் நகரத்தின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாக எண்ணிய மீனவர் குப்பம், கழிமுகச் சதுப்பைத் தழுவிக் கிடந்தது. கிழக்கே வடாலாவிலிருந்து ஆணிக் வரையில் உப்பளங்கள். அவற்றுக்கு அப்பால் மாகுல் கழிமுகமும் செம்பூரின் குன்றடி நிலங்களும். வானத்திலிருந்து விழுவதில் பாதியைத் தானே வைத்துக்கொள்ளும் நிலம் என்று இந்த நகரத்தைக் கருதியவர்கள் கற்பனையில் மிதந்தவர்கள் அல்லர்.

1.0 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சித்திரம் வேறு. அதில் ஒரு துளியும் நிற்பதில்லை, ஊறுவதில்லை, தேங்குவதில்லை. அச்சூத்திரத்தின் கண்ணுக்கு உப்பளமும் சிமெண்டுச் சாலையும் ஒன்றே. அலையாத்திக் காடும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியும் ஒன்றே. இங்கேதான் பொறியியல் முன்ஜாக்கிரதை என்று எண்ணப்பட்ட ஒன்று, எவரும் உத்தேசியாத விதத்தில், சுற்றுச்சூழல் தீர்மானமாக மாறிற்று. நிலம் எதையும் ஏற்காது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விட்டால், அதன் பிறகு எந்தச் சதுப்பைத் தூர்த்தாலும், எந்த மைதானத்துக்குச் சிமெண்டுப் பலகை போட்டாலும், வடிகாலின் கணக்கில் ஓர் எண்ணும் மாறுவதில்லை. சேதத்துக்குரிய விலை முன்கூட்டியே, எல்லா நிலத்துக்கும் சேர்த்து, செலுத்தப்பட்டு விட்டது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. தூர்க்கிறவனிடம் கேட்பதற்கு மாநகராட்சியின் கையில் கேள்வியே இல்லாமற் போகிறது. அறிக்கையை எழுதிய நிபுணர்களின் நோக்கம் இதுவென்று நான் சொல்லவில்லை. அவர்கள் எழுதியது வடிகாலுக்கான அறிக்கை. அதை நகரத்தின் நிலத்தைப் பற்றிய ஒரே கணக்காக ஆக்கியது பின்வந்தோரின் சோம்பல்.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஜூலை மாதத்தில் பம்பாய் மண் நீரில் ஊறிக் கனத்துக் கிடக்கிறது, அந்நிலையில் அது மேலும் உறிஞ்சாது, ஆதலால் 1.0 என்பதே யதார்த்தம், 0.5 என்பது கோடைமழைக்குப் பொருந்தும் எண் என்பர். மண்ணின் உறிஞ்சும் தன்மையை மட்டும் நோக்கினால் இந்த ஆட்சேபத்தில் பெரும்பகுதி நியாயமே. ஆனால் உப்பளமும் அலையாத்திக் காடும் வெள்ளத்தில் செய்யும் ஊழியம் உறிஞ்சுதல் அன்று, தேக்கி வைத்தல். உப்பளத்தின் வரப்புகளுக்கிடையே ஒரு முழ ஆழத்துக்கு நீர் ஏறி, ஓதம் வடியும்வரை நின்று, பிறகு மெல்லக் கழிமுகத்துக்குத் திரும்புகிறது. களிமண் எவ்வளவுதான் ஊறியிருந்தாலும் இந்தத் தேக்கம் குறைவதில்லை. மேற்சொன்ன சூத்திரத்தில் தேக்கத்துக்கு இடமே கிடையாது. உச்சப் பாய்ச்சலை மட்டும் கேட்பதற்காக வகுக்கப்பட்ட சூத்திரம் அது. ஆகவே ஆட்சேபம் வென்றாலும் அது வெல்வது மண்ணைப் பற்றிய வாதத்தில். நம் வாதமோ காலத்தைப் பற்றியது.

காலமே இந்நகரத்தில் முதன்மையான விஷயம். பம்பாயின் 186 வடிகால் வாய்களில் 45 சராசரிக் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பவை. 135 கடல்மட்டத்துக்கு மேலே இருந்தும் உயர் ஓத மட்டத்துக்குத் தாழ்ந்தவை. ஓதம் எவ்வளவு ஏறினாலும் தடையின்றி நீரை வெளியேற்றக் கூடியவை ஆறே ஆறு. பருவமழைக்காலத்து உயர் ஓதம் நாலரை மீட்டரைத் தொடும் நாட்களில் மடைக்கதவுகளை அடைத்தாக வேண்டும். அடைத்தால் உள்ளே பெய்வது உள்ளேயே நிற்கும். திறந்தால் கடல் உள்ளே வரும். அந்தச் சில மணி நேரம், வடிகால் எத்தனை அகலமாயிருந்தாலும், வாயடைத்த பாத்திரமே. அப்போது நகரத்துக்குத் துணை இரண்டே: நீரை இறைத்துத் தள்ளும் பம்பு நிலையம், அல்லது நீர் சற்று நேரம் காத்திருக்க ஓர் இடம். பிரிம்ஸ்டோவாட் திட்டம் எட்டுப் பம்பு நிலையங்களை எண்ணிற்று. ஹாஜி அலி, இர்லா, லவ்குரோவ், கிளீவ்லண்ட் பந்தர், பிரிட்டானியா, கஜ்தர்பந்த் ஆகிய ஆறும் 2011 வாக்கிலிருந்தே ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. மோக்ராவும் மாகுலும் பின்தங்கின. காத்திருக்கும் இடத்தைப் பற்றி எண்ணியோர் அரியர், 1.0 என்ற எண் அப்படியோர் இடம் இருப்பதையே மறைத்து விட்டது.

இனி, பரிசீலனை எங்கே நடந்தது என்று பார்ப்போம். 2006 செப்டம்பர் 14ஆம் தேதிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் மழைநீர் வடிகால் என்று ஒரு தலைப்புத் தனியே இல்லை. ஆகவே ஒரு நகரத்தின் நீர்ப்போக்கு முழுவதையும் மாற்றியமைக்கும் திட்டம், திட்டம் என்ற முறையில், எவருடைய பரிசீலனைக்கும் வரவில்லை. வந்ததெல்லாம் அதன் வால்நுனி. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் 2011ஆம் ஆண்டு வடிவம், கடல்நீரின் இயல்பான போக்குக்கு இடையூறு செய்வதைத் தடுத்துவிட்டு, அத்தடைக்கு விலக்குகளாக எண்ணியவற்றுள், மணல்திட்டுத் தடுப்பு, ஓத மடைகள் ஆகியவற்றோடு மழைநீர் வடிகால் அமைப்பதையும் சேர்த்தது. வடிகாலுக்குச் சட்டம் தந்த விடுதலைப் பத்திரமாக இதனைப் படிப்பது வழக்கம். நான் அவ்வாறு படிக்கத் துணியேன். ஒன்றை விலக்காகப் பெயர் சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது என்றால், விலக்கு இல்லாவிடில் அது தடைக்குள் அடங்கியிருக்கும் என்பதுதானே பொருள்? வடிகாலும் கடலின் போக்கைக் கலைக்கக்கூடிய காரியமே என்று சட்டம் அறிந்திருந்தது, அறிந்தே அனுமதித்தது, அறிந்து அனுமதிப்பதற்குப் பரிசீலனை அவசியம். ஆனால் அந்தப் பரிசீலனை வடிகாலின் வாயருகே நின்றுகொண்டு, எத்தனை மரம் விழும் என்று மட்டும் எண்ணிற்று. அலையாத்திக் காடுகளை அழிப்பதற்கு முழுத் தடை விதித்து, பொதுநலத்துக்கு இன்றியமையாத இடத்தில் மட்டும் தன் அனுமதியோடு விலக்களித்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் தீர்ப்பும், அதன் மேன்மை எதுவாயினும், அதே நுனியிலேயே கேள்வியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் முன் கொண்டுவரப்பட்டது அவ்வளவே.

மாகுல் இதற்குத் தெளிவான திருஷ்டாந்தம். கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட்டிலும் ஒவ்வோர் ஆண்டும் முழங்கால் அளவு நிற்கும் நீரும், சயான், வடாலா, குர்லா நேரு நகர், செம்பூரின் தாழ்ந்த பகுதிகள் ஆகியவற்றின் நீரும் கிழக்கே சென்று சேர வேண்டிய இடம் அது. பம்பு நிலையம் அமைப்பதற்குத் தேர்ந்த இடம் உப்பு ஆணையரின் வசமிருந்த நிலம். அதைப் பெறுவதில் ஆண்டுகள் கழிந்தன. பின்னர் மாற்றுநிலம் தேடும் பேச்சு எழுந்தது. இடைக்காலத்தில் காந்தி மார்க்கெட்டில் ஒரு சிறு பம்பு நிலையம் வைத்துச் சமாளித்தார்கள். சுற்றுச்சூழல்தான் தாமதப்படுத்திற்று என்போர் இந்தக் கதையைத் தங்கள் பக்கத்துச் சான்றாகக் காட்டுவர். எனக்கோ இது எதிர்ச்சான்றாகவே தோன்றுகிறது. மாட்டுங்காவின் நீர் தங்கிச் செல்ல இயற்கை வைத்திருந்த உப்பளப் பிரதேசம் சாலைகளாலும் குடியிருப்புகளாலும் குறுகிக் கொண்டே வந்து, குறுகியதால் உண்டான வெள்ளத்தை இறைப்பதற்கே எஞ்சிய உப்பளத்தில் ஒரு துண்டைக் கேட்கும் நிலை வந்தது. நீர்ப்பிடிப்பு முழுவதையும் 1993இலேயே பரிசீலனைக்கு உட்படுத்தியிருந்தால், எந்த நிலத்தைக் காப்பது, எங்கே பம்பு வைப்பது என்ற இரண்டும் ஒரே மேஜையில் தீர்மானமாகியிருக்கும். பரிசீலனை மிகுந்ததால் வந்த தாமதம் என்பதைவிட, பரிசீலனை பிந்தியதால் வந்த தாமதம் என்பதே பொருந்தும்.

சென்னையிலும் இதே வழக்கு வேறு மண்ணில் நடந்தது. ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு கோவளம் வடிநிலத்தில் மழைநீர் வடிகால் அமைக்க முற்பட்டபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மணற்பாங்கான பேட்டைகளின் மக்கள், பெய்த மழை பெய்த இடத்திலேயே மண்ணுள் இறங்கித் தங்கள் கிணறுகளை நிரப்புகிறது, அதை எதற்காகக் கடலுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது, அப்பகுதிப் பணிகள் நின்றன. அம்மக்கள் கேட்டது விகிதத்தைப் பற்றிய கேள்விதான். பம்பாயில் அதைக் கேட்பாரில்லை.

இரண்டு மறுப்புகளைச் சுருக்கமாகவே சொல்லி நகர்கிறேன். 2005இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது, அதற்கு முன் எந்தக் கணக்கும் செல்லாது என்பர். அதே நாளில் கொலாபாவில் 73 மில்லிமீட்டரே பெய்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மேலும், ஆண்டுதோறும் கிங்ஸ் சர்க்கிளை முழுக்காட்டுவது நூற்றாண்டு மழை அன்று. ஏழைகள் வெள்ளத்தில் நிற்கும்போது பரிசீலனை என்று பேசுவது வசதி படைத்தோரின் விவகாரம் என்பது மற்றது. தாராவிச் சந்துகளில் நடந்தவர்களுக்கு அதன் பொய்ம்மை தெரியும். அங்கே சாலையை ஆண்டுக்காண்டு உயர்த்தி உயர்த்தி, வீட்டுத் தரை தெருவுக்குக் கீழே போய்விட்டது. வாசலில் மூன்று வரிசைச் செங்கல் வைத்துப் பூசிய தடுப்பைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். அரிசி டின்னும் பிள்ளைகளின் புத்தகமும் ஜூன் பிறந்ததும் பரணுக்கு ஏறிவிடுகின்றன. மேலே தூர்த்த ஒவ்வோர் ஏக்கரின் நீரும் வந்து சேரும் கடைசி வாசல் அது. விகிதத்தைப் பற்றிய கேள்வி வேறு எவருக்கும் முன்பாக அந்த வாசலுக்கே சொந்தம்.

தாராவி மறுகட்டமைப்பின் பொருட்டு, தகுதியற்றோர் எனப்பட்ட குடும்பங்களுக்கு வாடகை வீடு கட்டுவதற்காகக் கஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் ஆகிய இடங்களின் உப்பள நிலம் 255.9 ஏக்கரை ஒதுக்க 2024 செப்டம்பரில் மராட்டிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது தாணே கழிமுகத்தைச் சேர்ந்த நிலம். தாராவியின் நீர்ப்பிடிப்பு அன்று. எனினும் கணக்கு ஒன்றே. அப்பரப்பின் மேல் ஒரு மணி நேரம் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 52,000 கனமீட்டர் நீர். இன்று வரப்புகளுக்குள் நிற்கக்கூடிய அந்நீர், நிலத்தை மேடாக்கிய பின் எந்தத் திசையில், எந்தப் பேட்டையின் வாசலுக்குப் போகும் என்பதை 1.0 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் சொல்ல இயலாது; அவர் கணக்கில் அந்நீர் ஏற்கெனவே ஓடிவிட்டது. அந்நிலத்துக்கான விண்ணப்பமானாலும், மாகுல் பம்பு நிலையத்துக்கான விண்ணப்பமானாலும், மகாராஷ்டிரக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் முன் வைக்கப்படும்போது, விழப்போகும் மரங்களின் எண்ணிக்கைக்கு முன்னால் இரண்டு எண்கள் முதற்பக்கத்தில் இருத்தல் வேண்டும்: அந்நீர்ப்பிடிப்பில் 1993இல் நீர் தேங்கி நிற்க இருந்த பரப்பு எவ்வளவு, இன்று எஞ்சியிருப்பது எவ்வளவு. முதலாவது எண்ணைப் பழைய நில அளவைப் படங்களிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் வேலையை மாநகராட்சி நாளைக்கே தொடங்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.