உத்திரத்தில் இடம் பெற்றோர்

வட வியட்நாமின் செந்நதிச் சமவெளியிலுள்ள பழைய ஊர்களில் 'டிங்' என்னும் பொதுமனையைக் காணலாம். ஊர்க்காவல் தெய்வத்தின் கோயிலும் ஊர்ச்சபையின் மன்றமும் ஒரே கூரையின்கீழ் அமைந்த கட்டடம் அது. அரசனின் பட்டயம் பெற்ற தெய்வம் உள்ளறையில் வீற்றிருக்க, முன்கூடத்தில் ஊர்ப்பெரியோர் கூடி வரியைப் பங்கிட்டனர், வழக்குத் தீர்த்தனர், விழாவுக்கு ஆவன செய்தனர். அரசனின் சட்டமும் ஊர்வழக்கத்திற்குத் தோற்கும் என்னும் வியட்நாமியப் பழமொழி இச்சபைகளின் செல்வாக்கை உணர்த்தும்.

ஹனோய் நகருக்கு வடகிழக்கே, பாக் நின் மாநிலத்திலுள்ள டிங் பாங் ஊரின் பொதுமனை இவற்றுள் புகழ்மிக்கது. 1700இல் தொடங்கிய பணி 1736இல் நிறைவுற்றது. கட்டடத்தின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கூரையே. அகன்று தாழ்ந்திறங்கும் அக்கூரையின் மூலைகள் மேல்நோக்கி வளைந்து நிற்கின்றன. அதன் பளுவைத் தாங்குவன 'லிம்' என்னும் வன்மரத் தூண்கள். தூணும் உத்திரமும் துளையும் கழுந்துமாகப் பொருத்தப்பட்டுள்ளன. தரையினின்று உயர்த்திய மரத்தளத்தில் சபையினர் பாய் விரித்து அமர்ந்தனர். பதவியும் வயதும் நோக்கி இருக்கை வரிசை அமைந்தது. பெண்களுக்கோ அச்சபையில் இடமே இல்லை.

ஆயினும், இம்மனை எழக் காரணமானோர் அவ்வூரில் பிறந்த அரசு அலுவலர் நுயென் தாக் லுவோங் என்பாரும், அவர்தம் மனைவி நுயென் தி நுயென் அம்மையாருமே. அம்மையாரின் பிறந்தகமான தான் ஹோவாவிலிருந்து மரங்களை வாங்கி ஊருக்கு அளித்தனர். பெண்ணுக்கு இருக்கை தராத சபைக்குக் கூரை தந்தவருள் ஒருவர் பெண்!

இம்முரண்பாட்டைப் பொதுமனைகளின் சிற்பங்களிலும் காண்கிறோம். 16ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தை டாங் பொதுமனையில் படகு வலிப்போரும், காவுதடியில் குழந்தைகளைச் சுமந்து செல்வோரும் மரத்தில் செதுக்கப்பட்டுள்ளனர். பிற மனைகளில் மல்லரும் உழவரும் ஆடுமகளிரும் உளர். சபையில் குரலற்றிருந்த எளியோரைத் தச்சரின் உளி தெய்வத்தின் திருமுன்னிலையிலேயே அமர்த்தியது.

1945ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பழைய ஊர்ப்பெரியோர் சபைகள் மறைந்தன. போர்களில் பல மனைகள் அழிந்தன. சில பள்ளிகளாகவும் களஞ்சியங்களாகவும் பயன்பட்டன. டிங் பாங் மனை 1961இல் நாட்டின் வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

பாயில் அமர்ந்தோர் நீங்கினர். உத்திரத்தில் இடம் பெற்றோர் நிலைத்தனர். வரலாறு பயிலும் மாணாக்கரை, அவையில் வீற்றிருந்தோரை அறிவதோடு அமையாது, அண்ணாந்து நோக்கவும் பழக்குதல் ஆசிரியர் கடனாகும்.