மலையாளி

கல்வராயன் மலையில் ஒருவர் தம்மை ‘மலையாளி’ என்றால், கேரளத்துக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் பேசுவது தமிழ். கள்ளக்குறிச்சி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களின் மலைகளில் வாழும் பழங்குடியினரின் பெயர் இது. அரசின் பட்டியல் பழங்குடியினர் வரிசையிலும் இதே பெயர்தான்.

சொல் எளியது: மலை + ஆளி. ‘தொழிலாளி’, ‘கூட்டாளி’ என்பவற்றில் வரும் அதே ‘ஆளி’; உடையவர், ஆள்பவர் என்று பொருள். ஆக, மலையாளி என்பவர் மலைக்கு உரியவர். உழவரைக் குறிக்கும் ‘காராளர்’ என்ற பெயரும் இவர்களுக்கு உண்டு.

காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர், ஆளுக்கொரு மலையில் குடியேறினர் என்பது இவர்களின் வழிவழிக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் இது பதிவாகியுள்ளது. பெரிய மலையாளி, கொல்லி மலையாளி, பச்சை மலையாளி எனப் பிரிவுகள் பல. முன்னொட்டு கிளையைக் காட்டும். ‘மலையாளி’ எல்லாரையும் ஓரினமாகக் கட்டும்.

யூதர்களின் மரபுக் கதையும் இப்படித்தான் உடன்பிறந்தாரில் தொடங்குகிறது. யாக்கோபின் மக்கள் பன்னிருவர் வழியே பன்னிரு கோத்திரங்கள். அவர்களுள் யூதா என்ற ஒருவனின் பெயரே, காலப்போக்கில் இனம் முழுவதற்கும் ‘யூதர்’ என்று ஆனது. அங்கே ஒரு கிளையின் பெயர் பொதுப்பெயராக விரிந்தது. இங்கே பொதுப்பெயர் அப்படியே நிற்க, கிளைகள் அதன் முன்னே தத்தம் அடையைச் சேர்த்துக்கொண்டன. வழி வேறானாலும், பல கிளைகளை ஒன்றாகக் கட்டுவதையே இரண்டு பெயர்களும் செய்கின்றன.