நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு

லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் வரும் வீட்டுப் பொறுப்பாளரை நாம் அனைவரும் அறிவோம். கணக்கை ஒப்படைத்துவிட்டுப் பொறுப்பைத் துறக்குமாறு தலைவர் கூறியதும், அவர் தமக்குள் எண்ணிப் பார்ப்பவை இரண்டே: மண்வெட்டி பிடிக்க உடலில் வலுவில்லை, பிறரிடம் கையேந்தவோ மனம் கூசுகிறது. மறையுரைகளில் அவருடைய நேர்மையின்மையும் முன்மதியுமே மிகுதியாகப் பேசப்படுகின்றன. ஒரே தொழிலில் ஊறிப்போன மனிதர் அதனை இழக்கையில் அடையும் திகைப்பை நம் ஆண்டவர் எத்துணைக் கூர்மையாகக் கண்டிருக்கிறார் என்பதும் எண்ணத்தக்கது.

அத்திகைப்பு ஒரே நாளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆட்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. அது 1981-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தது.

விமானங்கள் வானில் ஒன்றோடொன்று மோதிவிடாதபடி ராடார் திரையைப் பார்த்து வழிகாட்டுவோர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள். அந்நாட்டில் அவர்கள் நடுவண் அரசின் ஊழியர்கள். அவர்களுள் பலர் படையில் பணியாற்றியபோது இத்தொழிலைக் கற்றவர்கள். ஓயாத மன இறுக்கம், பழமைப்பட்ட கருவிகள், படைமுகாமை ஒத்த கெடுபிடி ஆகியவை அவர்களுடைய நெடுநாளைய குறைகள். 1968-இல் சங்கம் அமைத்தார்கள். 1980-ஆம் ஆண்டுத் தேர்தலில் அச்சங்கம் ரொனால்ட் ரீகனை ஆதரித்தது. அவரும் அவர்களுடைய குறைகளைத் தீர்க்க ஒத்துழைப்பதாகக் கடிதம் எழுதினார். ஒரு காலத்தில் திரைப்பட நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்து, 1960-இல் வேலைநிறுத்தத்தையே நடத்தியவர் அவர். நம்மவர் என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் ஊதிய உயர்வும், வாரத்திற்கு 32 மணி நேர வேலையும், முன்கூட்டியே ஓய்வுபெறும் வசதியும் கேட்டார்கள். ஜூன் மாதத்தில் எட்டப்பட்ட உடன்பாட்டை, உறுப்பினருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் நிராகரித்தனர். ஆகஸ்ட் 3-ஆம் நாள் காலையில் ஏறத்தாழ 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அன்றே குடியரசுத் தலைவர் செய்தியாளர்முன் தோன்றி, வேலைநிறுத்தம் செய்வதில்லை என அவர்கள் எடுத்திருந்த உறுதிமொழியை வாசித்துக் காட்டினார். 48 மணி நேரக் கெடு விதித்தார். சிலர் திரும்பினர். ஆகஸ்ட் 5-ஆம் நாள் எஞ்சிய 11,345 பேரும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். மேற்பார்வையாளர்களையும் படைவீரர்களையும் கொண்டு, விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அரசு வான்வழியை நடத்தியது.

சட்டம் அரசின் பக்கமே இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கொடுத்த வாக்கைக் கிறிஸ்தவர்களாகிய நாம் எளிதாக எண்ணிவிடவும் இயலாது. ஆனால் தண்டனை பணிநீக்கத்தோடு நிற்கவில்லை. அத்துறையில் அவர்கள் மீண்டும் கால்வைக்கவே கூடாது என்பதாயிற்று. ஒரு பட்டறையிலிருந்து அனுப்பப்பட்ட தச்சர் அடுத்த தெருவின் பட்டறைக்குச் செல்லலாம். இவர்களுக்கோ, படையை விட்டால் நாடு முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே முதலாளி. அவர் கதவைச் சாத்திவிட்டார். பல்லாண்டுப் பயிற்சி ஒரே நாளில் விலையற்றுப் போயிற்று. விற்பனையாளராகவும் ஓட்டுநராகவும் சிறுதொழில் செய்வோராகவும் அவர்கள் சிதறினர். இயேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் ஜோசப் மெக்கார்ட்டின் 2011-இல் இவ்வரலாற்றை விரிவான நூலாக்கினார்.

அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமையில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். மே 13-இல் அவர்மீது துப்பாக்கிச் சூடு நடவாதிருந்தால், மனித உழைப்பைப் பற்றிய 'லபோரெம் எக்செர்சென்ஸ்' சுற்றுமடல் மே 15-ஆம் நாளே வெளிவந்திருக்கும். அது செப்டம்பர் 14-இல்தான் வெளிவந்தது. பணிநீக்கம் நடந்து ஆறு வாரம்கூட ஆகாத நேரம். நேரிய வரம்புக்குள் வேலைநிறுத்தம் முறையானதே என்றும், மக்களுக்கு இன்றியமையாத பணிகள் எந்நிலையிலும் நடைபெற வேண்டும் என்றும் அம்மடல் இருபுறமும் நோக்கிப் பேசுகிறது. உழைப்பு மனிதருக்காகவே உள்ளது என்பதே அதன் அடிப்படை. அக்கண்ணோட்டத்தில், பணி ஒன்றைப் பறிப்பது வேறு. ஒருவர் தம் தொழிலுக்கு என்றுமே திரும்ப இயலாதபடி செய்வது வேறு. முன்னது தண்டனையாகலாம். பின்னதைத் தண்டனை என்று சொல்ல நம் மனம் ஒப்பவில்லை.

நம் மாநிலத்தாருக்கு இது அயலார் கதையன்று. 2003-ஆம் ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேர் நீக்கப்பட்டதை நம் பங்குகளில் இன்றும் பலர் நினைவுகூர்வர். ஆகஸ்ட் 6-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமை இல்லை என்றதோடு அறநெறி நியாயமும் இல்லை என்றது. சட்டத்தைப் பற்றிய கூற்றை ஏற்போம். அறநெறியைப் பற்றிய கூற்றில் திருச்சபையின் போதனை அவ்வளவு தூரம் செல்லவில்லை. எனினும் இங்கே மன்னிப்புக் கடிதமும் உறுதிமொழியும் தந்த பெரும்பாலோர் சில வாரங்களுக்குள் பணிக்குத் திரும்பினர். அவ்வகையில் நம் ஊழியர் பேறுபெற்றவர்களே.

அங்கோ பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே, நீக்கப்பட்டோரின் இடத்தில் அமர்ந்தவர்களும் அதே பணிச்சுமையையும் அதே கெடுபிடியையும் கண்டு, 1987-இல் தங்களுக்கெனப் புதிய சங்கம் அமைத்துக்கொண்டனர். ஆட்களை மாற்றிய அரசு, மனக்குறையின் காரணங்களை மாற்றவில்லை போலும். 1993 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் கிளின்டன் தடையை நீக்கினார். முப்பது வயதில் வெளியேறியவருக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. பல்லாயிரவருள் மீண்டும் அப்பணியில் சேர்க்கப்பட்டவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. அவர்கள் புதியவர்களோடு மீண்டும் பயிற்சி பெற்று, தம்மைவிட இளையோரின் மேற்பார்வையில் ராடார் திரைமுன் அமர்ந்தார்கள்.