அனகொஸ்தியா நூதனசாலை

அமெரிக்கத் தலைநகராகிய வாசிங்டனில், அனகொஸ்தியா ஆற்றுக்கு அப்பாலுள்ள கறுப்பின மக்களின் குடியிருப்பொன்றில், 1967ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் ஒரு நூதனசாலை திறக்கப்பெற்றது. கைவிடப்பட்ட படமாளிகையொன்றே அதன் இல்லமாயிற்று. பெரிய நூதனசாலைகளை நாடி வாராத மக்களிடம் நூதனசாலையே செல்லல் வேண்டும் என்பது சிமித்சோனியன் நிறுவனச் செயலாளர் டில்லன் இரிப்பிளியின் கருத்து. எனினும், அயலவர் குழுவொன்று உடனின்று வழிகாட்டியமையாலும், இளஞ் சமயப் பணியாளரான யோன் கினார்ட் பணிப்பாளராய் அமர்ந்தமையாலுமே அது உருப்பெற்றது.

தொடக்கத்தில் 1890ஆம் ஆண்டுக் காலத்து ஊர்க்கடையொன்றும், சிறுவர் ஏறியமரத்தக்க விண்கூடும், உயிருள்ள விலங்குகளும் அங்கே இடம்பெற்றன. தொட்டுப் பார்த்தல் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. ஆயின் இவற்றுள் அம்மக்களின் வரலாறு எங்கே என்னும் வினா எழுதல் இயல்பு.

அதற்கு முதல் விடையாக வந்தது எலி! தம் வீடுகளில் எலிகள் படுத்தும் பாட்டைச் சிறுவர் உரைக்கக் கேட்ட கினார்ட், 1969இல் குப்பை நிறைந்த கொல்லைப்புறமொன்றை அமைப்பித்து, அதில் உயிருள்ள எலிகளை உலவவிட்டார். இது நூதனசாலைக்குத் தகுமோ என ஐயுறுவோர், அரும்பொருளை மட்டுமே வரலாறெனக் கருதுவோராவர். நகராட்சியின் புறக்கணிப்பும் வாடகை வீட்டின் சீர்கேடும் அம்மக்கள் நாடோறும் வாழ்ந்த வரலாறன்றோ?

பழைய வரலாறும் அவ்வாறே மக்களிடமிருந்து திரட்டப்பட்டது. 1977இல் நிகழ்ந்த 'அனகொஸ்தியாவின் கதை' என்னும் காட்சிக்காக, ஆய்வாளர் உலூயிஸ் டானியல் அச்சின்சன் ஏடுகளோடு முதியோர் நினைவுகளையும் குடும்பப் படங்களையும் துணைக்கொண்டார். அங்கு 1854இல் எழுந்த யூனியன்டவுன் கறுப்பினத்தார்க்கு நிலம் விற்பதைத் தடுத்திருந்தது. 1867இலோ, விடுதலை பெற்றோர்க்கென 375 ஏக்கர் கொண்ட பாரி பண்ணை வாங்கப்பட்டது. பகலெல்லாம் நகரிற் கூலிவேலை செய்தோர், இரவில் விளக்கொளியிலே தத்தம் வீடுகளைக் கட்டினர். பத்தாண்டு கழித்து, யூனியன்டவுனை நிறுவியோருள் ஒருவர் கட்டிய இல்லத்தையே, முன்னாள் அடிமையாகிய பிரெடரிக் டக்ளஸ் விலைக்கு வாங்கிக் குடிபுகுந்தார்.

1987இல் நூதனசாலை இசுத்தாண்டன் கோட்டைப் பூங்காவிலுள்ள புதிய கட்டடத்துக்கு மாறியது. ஈராண்டின் பின் கினார்ட் மறைந்தார். புதிய இடம் விசாலமானது. அரும்பொருள்களைப் பேணற்கும் ஏற்றது. பழைய படமாளிகையோ தெருவோரத்தது. கடைக்குச் செல்லும் சிறுவனும் வழியில் நுழைந்து பார்த்துச் செல்லலாம். புதியதற்கு மேடேறியே செல்லல் வேண்டும்.