புஸ்ஸி வீதியும் நம்ம ஊர் மலையடிவாரமும்

"புஸ்ஸின்னா யாருங்க?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். புதுச்சேரியில் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர் மாற்றிப் பல காலம் ஆகியும், ஆட்டோக்காரருக்கு அது இன்னும் புஸ்ஸி வீதிதான்.

"நம்ம ஊர்ல வந்து சண்டை போட்டவன்" என்றேன். ஆட்டோக்காரர் திரும்பி, "எந்த ஊரு சார்?" என்றார். ஆம்பூர் என்றதும் பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன? ஆம்பூரிலேயே பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேருக்கு இந்தக் கதை தெரியாது.

ஆகவே முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1748-ல் ஐதராபாத் நிஜாம் ஆசப் ஜா காலமானார். வாரிசுச் சண்டையில் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங் ஒரு பக்கம் நின்றான். ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிப் ஆசைப்பட்டார். மராட்டியர் சிறையில் அவர் பல வருஷம் கிடந்தபோது அவர் குடும்பத்துக்கு அடைக்கலம் கொடுத்தது புதுச்சேரி. அங்கே கவர்னராக இருந்த டூப்ளே இந்த இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஆற்காட்டில் அப்போது நவாப் அன்வாருதீன் கான், எழுபதைத் தாண்டிய முதியவர். எதிரிகளை வழியிலேயே மறிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் நம் ஆம்பூர். ஒரு பக்கம் கோட்டை மலை, மறுபக்கம் ஏரி, நடுவே குறுகிய வழி. அங்கே அகழி வெட்டி, மண்மேடு எழுப்பி, பீரங்கி வைத்துக் காத்திருந்தார்.

1749 ஆகஸ்ட் 3. பிரெஞ்சுக்காரர்களின் முதல் பாய்ச்சல்கள் தோற்றுத் திரும்பின. அவர்கள் படைத்தலைவர் காயம்பட்டார். அதன்பின் படையை நடத்தி மேட்டைக் கடந்தவர்தான் இந்தப் புஸ்ஸி. யானைமேல் இருந்த அன்வாருதீன் குண்டடிபட்டு இறந்தார். மூத்த மகன் மாபூஸ்கான் பிடிபட்டார், இளையவர் முகமது அலி திருச்சிக்குத் தப்பினார். அந்த முகமது அலியைக் காப்பாற்றத்தான் 1751-ல் கிளைவ் ஆற்காட்டுக்கு வந்தார். மற்றது நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நமக்கு எட்டாம் வகுப்பில் "கர்நாடகப் போர்" என்று ஒரு பாடம் இருந்தது. அதில் ஆம்பூர் என்ற பெயர் ஒரே ஒரு வரியில் வரும். வாத்தியார் அதை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

வெற்றிக்கு நன்றியாகப் புதுச்சேரியைச் சுற்றிச் சுமார் 80 கிராமங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. வில்லியனூர், பாகூர் எல்லாம் அந்த வகையில் சேர்ந்தவைதான். புதுச்சேரி எல்லை ஏன் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து நுழைந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு, பதிலில் ஒரு பங்கு நம் மலையடிவாரத்தில் இருக்கிறது.

நாங்கள் முதலில் போனது அரசு அருங்காட்சியகத்துக்கு. பாரதி பூங்காவை ஒட்டி, செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது. அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும் ரோமானிய ஜாடித் துண்டுகளும் பார்க்க வேண்டியவை. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டிய பிறகுதான், ரோமாபுரியோடு நமக்கு இருந்த வாணிபத்துக்குக் காலக் கணக்கு சரியாகப் பிடிபட்டது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உண்டு. பிரெஞ்சு வீட்டுச் சாமான்கள் இருக்கும் பகுதியில் டூப்ளே படுத்ததாகச் சொல்லும் ஒரு கட்டில். படுத்தாரோ இல்லையோ, நல்ல மரம். மனிதரால் தள்ளப்படும் 'புஸ்-புஸ்' வண்டி ஒன்றும் இருந்தது. வீட்டுக்காரி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, "இதைத் தள்ளினவன் பேரு எதுவும் போடலையே" என்றாள்.

பாரதியார் வீடும் பாரதிதாசன் வீடும் பார்த்தோம். பாரதி 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தார். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

நான் உண்மையில் பார்க்க வந்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டை. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அவர் பெயர் கொண்ட வீதியிலேயே இருக்கிறது. அது டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழையும் இடம் அல்ல. தெரிந்தவர் ஒருவர் சொல்லி வைத்ததால் உள்ளே போக முடிந்தது. 1730-களில் கட்டிய வீடு. கீழ்த்தளம் நம் பக்கத்து வீடு: நடுவே முற்றம், சுற்றிலும் செதுக்கு வேலை செய்த மரத் தூண்கள். மாடிக்கு ஏறினால் பிரெஞ்சு பாணியில் செங்கல் சுண்ணாம்புத் தூண்கள். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. அவர் செய்த வேலையும் அதுதானே! டூப்ளேயின் துபாஷ் அவர். இரண்டு பாஷைக்கும் நடுவில் நின்று பேசி முடிப்பவர். எங்கள் தோல் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்த ஆளை உடனே புரியும். வெளிநாட்டு வியாபாரிக்கும் மண்டிக்காரருக்கும் நடுவில் நின்று, இரண்டு பேருடைய கோபத்தையும் வாங்கிக்கொண்டு, சரக்கைக் கப்பல் ஏற்றிவிடும் ஆட்களை நான் எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மஞ்சள் சுவர் வீடுகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அவை டூப்ளே காலத்து வீடுகள் அல்ல. 1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர், கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். 1765-ல் திரும்பப் பெற்ற பிறகு மறுபடியும் எழுப்பிய ஊர்தான் இப்போது இருப்பது. ஆக, டூப்ளே நடமாடிய புதுச்சேரியின் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால், கடற்கரைப் பக்கம் அல்ல, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், மீன் வாடையும் மார்க்கெட் கூச்சலும் உள்ள இடத்துக்குத்தான் வர வேண்டும். பிள்ளையும் அதே 1761 ஜனவரியில்தான் காலமானார்.

வீட்டைவிடப் பெரிய சொத்து அவர் எழுதிய நாட்குறிப்பு. 1736-ல் தொடங்கி 1761 வரை, சாகும் மட்டும் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, துணி என்ன விலை, கவர்னர் யாரிடம் கடுகடுத்தார், யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எல்லாம் வரும். பிரெஞ்சுப் பெயர்களைக் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதியிருப்பார், படிக்க வேடிக்கையாக இருக்கும். அச்சில் ஏற்ற வேண்டும் என்று எழுதியதல்ல. அவருக்குப் பின் வம்சத்தார் வசம் ஏறக்குறைய 85 வருஷம் சும்மா கிடந்தது. 1846-ல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்து நகல் எடுத்தார். பிறகு சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அந்த நோட்டுக்கட்டை யாராவது ஒரு மழைக்காலத்தில் பரணிலிருந்து எடுத்து வெளியே போட்டிருந்தால், டூப்ளே காலத்தைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதிவைத்த காகிதங்களை நம்பியேதான் நாம் இருந்திருப்போம்.

அந்த மரத்தூணில் சாய்ந்து நின்றபோது எனக்கு நெஞ்சில் ஒன்று உறுத்தியது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதிவிடுகிறேன்.

என் அப்பாவும் தோல் கம்பெனியில் கணக்குப்பிள்ளை. நீள நோட்டில் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவார். கம்பெனிக் கணக்கு அல்ல, சொந்தக் குறிப்பு. ஆவாரம் பட்டை வண்டி என்ன விலை, கடுக்காய் எங்கிருந்து வந்தது, பெரியமேட்டில் ஆட்டுத்தோல் என்ன ரேட்டுக்குப் போனது, பாலாற்றில் எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, எந்தக் கிணறு எப்போது உப்புக் கரிக்க ஆரம்பித்தது. பதினோரு நோட்டு. 1998-ல் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, கரையான் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிட்டேன். போட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். கரையான் இரண்டு நோட்டில்தான் இருந்தது. நம் பாலாற்றையும் கிணறுகளையும் பற்றி இப்போது இவ்வளவு பேசுகிறோம், வழக்குப் போடுகிறோம். தண்ணீர் கெடத் தொடங்கிய வருஷத்தைத் தேதியோடு சொல்லும் ஒரு சாட்சியை, சில ரூபாய்க்கு எடைபோட்டுக் கொடுத்தவன் நான்.

கடற்கரையின் தென்கோடியில் டூப்ளே சிலையையும் பார்த்தோம். 1870-ல் வைத்தது. தோற்றுப்போய் 1754-ல் பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டவருக்குச் சிலை, புஸ்ஸிக்கு வீதி. ஆம்பூரில் இறந்த கிழ நவாபுக்கு நம் ஊரில் ஒரு கல்கூட என் கண்ணில் பட்டதில்லை. அகழி வெட்டிய இடம் எது என்று கையைக் காட்டிச் சொல்லக்கூடியவரையும் நான் சந்தித்ததில்லை.

திரும்பும்போது திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு வழியாக வந்தோம். வந்தவாசியில் பஸ் நின்றபோது, 1760 ஜனவரியில் இதே ஊர்ப் போரில்தான் புஸ்ஸி ஆங்கிலேயரிடம் பிடிபட்டார் என்று சொன்னேன். "நம்ம ஊர்ல ஆரம்பிச்சு இங்க வந்து முடிஞ்சிருக்கு" என்றாள் வீட்டுக்காரி. கொஞ்ச நேரம் பேச்சில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஆற்காட்டுப் பாலம் ஏறும்போது கேட்டாள்: "ஏங்க, மாமா நோட்டுல நம்ம கல்யாணச் செலவும் எழுதியிருந்தாரில்ல?"

"எழுதியிருந்தார்."

"மேளக்காரருக்கு எவ்வளவு குடுத்தாராம்?"

எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.