ஜவ்வரிசி: அரிசி இல்லாத அரிசி

பெயர் அரிசி. ஆனால் நெல்லுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிறகு ஏன் ஜவ்வரிசி?

தமிழில் அரிசி என்பது நெல்லரிசி மட்டுமல்ல. மூங்கிலரிசி, தினையரிசி, புல்லரிசி எனப் பொடி மணியாக உள்ள பலவும் அரிசிதான். ஆகவே பின்பாதியில் சிக்கல் இல்லை. முன்பாதிக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. வெந்ததும் சவ்வுபோல் இழுபடுவதால் சவ்வரிசி என்பது ஒன்று. மலாய் மொழியின் 'சாகு' திரிந்து வந்தது என்பது மற்றொன்று. பேச்சில் 'போகும்' என்பது 'போவும்' ஆவதை நினைத்தால் இரண்டாவதும் பொருத்தமே. ஆங்கிலத்தின் 'சாகோ'வும் அதே சாகுதான்.

சாகு என்பது தென்கிழக்காசியாவில் வளரும் ஒரு பனை. அதன் தண்டிலுள்ள மாவை உருட்டிய மணிக்கே முதலில் இந்தப் பெயர். சேலத்தில் ஆலை வருமுன் அச்சான தமிழ் அகராதிகளிலேயே 'சவ்வரிசி' இருக்கிறது. அதாவது, பொருளுக்கு முன்பே பெயர் வந்துவிட்டது!

1942-இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் வசமாயின, இறக்குமதி நின்றது. கேரளத்துக்கு அடிக்கடி சென்றுவந்த சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த, இத்தொழில் தெரிந்த பொபட்லால் ஷாவும் சேர்ந்து 1943-இல் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினர். குச்சியை நட்டு வளர்ப்பதால் சேலம், நாமக்கல் பக்கம் இதற்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர். பனையின் பெயர் இப்படித்தான் தென் அமெரிக்காவில் பிறந்த கிழங்குக்குக் கைமாறியது.

அப்படியானால் இது போலியா? இல்லை. பனை மாவில் செய்தாலும் மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்தாலும் அது சாகோதான் என்று 1955-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள் வரையறுத்தன. 1981-இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமாக 'சேகோசர்வ்' தோன்றியது. 2023-இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது.

வடக்கே இதன் பெயர் சாபுதானா. 'தானா' என்றாலும் தானிய மணிதான். ஆனால் தானியம் தவிர்க்கும் விரத நாட்களில் மகாராஷ்டிரத்தில் விரும்பி உண்பது சாபுதானா கிச்சடியை! பெயரை அப்படியே நம்பியிருந்தால் சேலத்துக்கு அந்தப் பெரிய சந்தை கிடைத்திருக்காது. பெயரளவில் தானியமாகவும் உண்மையில் கிழங்காகவும் இருப்பதுதான் ஜவ்வரிசியின் வெற்றி.